ஒட்டுப் போட்ட சட்டை

பாளையங்கோட்டை
6.8.2024

அன்புத் தங்கை அனுராதாவுக்கு அண்ணன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் மதினி கேட்கச் சொன்னாள்.

உன் கடிதம் வந்தது. வேலையைப் பற்றி மெயிலிலோ போனிலோ ஒரு வார்த்தை வரக்கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், இனி தபால்தான் என்று எழுதியிருந்தாய். நல்லதாகப் போயிற்று. போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். ஸ்டென்ட் வைத்த டாக்டர் 'அதிர்ச்சி கூடாது' என்று சொன்னாலும் சொன்னார், இப்போது பால் பொங்கினால்கூட அவரிடம் பதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் அதிர்ஷ்டத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். அமெரிக்க டைரக்டர் வெண்டல் ஹார்க்னஸின் பதினோரு படங்களையும் பழுதுபார்க்கும் குழுவில் என் தங்கை! நான் பதினான்கு வருஷமாக அந்த மனிதரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன். கல்லூரியில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஹார்க்னஸ் பிள்ளை' என்றே பெயர். ஒருநாள்கூட அவருடைய பிலிமைக் கையால் தொட்டதில்லை. நீ தொடுகிறாய்.

ஒரு உதவி செய். அவருடைய மூன்றாவது படம் 'நடு ஆறு' 1983இல் நம் முறப்பநாட்டுப் பக்கம் எடுத்தது என்பது உனக்குத் தெரிந்ததுதான். பத்தொன்பது நாள், அப்போது பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அப்பாதான் மொழிபெயர்ப்பாளர். கூடத்தில் அப்பா ஹார்க்னஸுக்குக் குடை பிடித்த போட்டோவைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். அதில் கடைசியில் வரும் தோணிக் காட்சியை எத்தனை டேக் எடுத்தார்கள் என்று பார்த்துச் சொல். தோணிக்காரன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். நீலச் சட்டை, தோள்பட்டைக்குக் கீழே சதுரமாக ஒரு வெள்ளை ஒட்டு. அந்த வெள்ளையை அங்கே வைத்ததுதான் ஹார்க்னஸின் மேதைமை. நம் கண்ணை அது ஆற்றின் நடுவரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. அவன் கரை சேர்வதைக் காட்டுவதில்லை. அதற்குப் பிறகு எடுத்த எட்டுப் படத்திலும் யாரோ ஒருவர் கிளம்புகிறார், யாரும் போய்ச் சேர்வதைக் காட்டுவதில்லை. 'சேராத கரை' என்று என் ஏழாம் அத்தியாயத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

ஆடி அமாவாசைக்கு வழக்கம்போலக் குறுக்குத்துறைக்குப் போனோம். அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று, முன்னோர் எல்லோருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டு, உறவில்லாதவர்களுக்கும் விட்டு, வருஷா வருஷம் சொல்வதுபோல அந்த 'மாரிராஜ்' பெயரையும் சொல்லி விட்டுத்தான் கரையேறினார். எனக்குக் கால் விறைத்துவிட்டது.

டேக் விஷயத்தை மறக்காதே.

உன் அண்ணன்
குமரகுருபரன்


லாஸ் ஏஞ்சல்ஸ்
2.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு அனு எழுதுகிறேன். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று மதினியிடம் சொல். இந்த வாரம் மட்டும் சரியாக இறங்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில், ஒரே டேக்.

படத்தில் இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் வெட்டிவிடுகிறார்கள். மூல பிலிமில் அதற்கு மேலும் ஒரு நிமிடம் இருக்கிறது. தோணி நடு ஆற்றில் ஒருபக்கமாகச் சாய்கிறது. பிறகு தோணி குப்புறக் கிடக்கிறது. அவனைக் காணவில்லை. கேமரா நிற்கவில்லை, அண்ணா. பிலிம் தீரும்வரை வெறும் தண்ணீர் ஓடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஷாட்டுக்கு முன்னாலேயே ஒலிப்பதிவுக்காரர் டேப்பை ஓடவிட்டிருக்கிறார். இங்கே பதினாறு பேரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு ஆள் சொல்கிறான்: "சார்வாள், இன்னைக்கு வேண்டாம் சார்வாள். தண்ணி நெறம் மாறிட்டு. மேல எங்கயோ மழை கொட்டியிருக்கு. நாளைக்கு விடுதேன்." ஹார்க்னஸ் இங்கிலீஷில் கேட்கிறார், என்ன சொல்கிறான் என்று. பதில் சொல்கிற குரல், "ஒன்றுமில்லை, தினமும் போகிற ஆறுதான், தயார் என்கிறான்" என்று இங்கிலீஷில் சொல்கிறது. பிறகு தமிழில், "ஒண்ணும் ஆவாது, ஏறுலே. நாளைக்கு அவுஹ கெளம்பிருவாஹ."

அது அப்பாவின் குரல். முப்பத்தொரு வயசுக் குரல், ஆனாலும் அப்பா குரல் எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு டேப் பூஞ்சை பிடித்திருக்கிறது, சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறோம். நீ முறப்பநாடு போய் விசாரி. அந்த ஆள் பிழைத்தானா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

அனு


பாளையங்கோட்டை
29.9.2024

அன்புத் தங்கைக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயில் புரட்டாசியிலும் குறையவில்லை. மதினிக்கு முழங்கால் வலி. தசராவுக்குச் சப்பரங்கள் வருமுன் தெருவில் சாக்கடை தோண்டிப் போட்டிருக்கிறார்கள், சாமியே தாண்டித்தான் வர வேண்டும் போலிருக்கிறது.

புத்தகம் அச்சுக்குத் தயாராகிவிட்டது. மாசி மாதம் வெளியீடு. அட்டைக்கு அந்தத் தோணிக்காரனின் முதுகுதான். நல்ல படம் ஒன்று உன்னால் அனுப்ப முடியுமா?

நீ எழுதியதைப் பற்றி. நாற்பது வருஷத்துப் பழைய டேப், பூஞ்சை வேறு. எதைக் கேட்டாலும் நமக்குத் தெரிந்த குரலாகத்தான் இருக்கும். அந்த ஆள் நீந்திக் கரையேறி, திரும்பிப் பார்த்துச் சிரித்தான் என்று ஹார்க்னஸே மூன்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். மூன்றையும் புத்தகத்தில் எடுத்துப் போட்டிருக்கிறேன். முறப்பநாட்டிலும் விசாரித்தேன். அப்படி யாரும் இல்லை, யாருக்கும் நினைவும் இல்லை. இதோடு விடு.

அப்பா சுகம். உன்னைக் கேட்டார்.

அண்ணன்


லாஸ் ஏஞ்சல்ஸ்
20.10.2024

அண்ணா,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும், அதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

டேப் சுத்தமாகி வந்துவிட்டது. தோணி கவிழ்ந்ததும் அப்பா கத்துகிறார். "மாரிராஜ்! ஏலே மாரிராஜ்!" நாலு தடவை. நாலாவது தடவை குரல் உடைந்துவிடுகிறது. பிறகு கரையோடு ஓடுகிற சத்தம். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் சொல்கிறார், வளைவுக்கு அப்பால் கரையேறிவிட்டான், சிரிக்கிறான், வீட்டுக்குப் போய்விட்டான் என்று.

உன் ஆகஸ்ட் மாசக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'வருஷா வருஷம் சொல்வதுபோல அந்த மாரிராஜ் பெயரையும் சொல்லி' என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். வீட்டுக்குப் போனவனுக்கு எதற்கு அண்ணா எள்ளும் தண்ணீரும்?

நீ முறப்பநாடு போகவே இல்லை, அல்லது போய்விட்டுப் பொய் சொல்கிறாய். இரண்டில் எது?

ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு பதிவுத் தாள் உண்டு. யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரி 28 கடைசி நாள். அது ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் என்ன எழுதட்டும்?

அனு


லாஸ் ஏஞ்சல்ஸ்
18.11.2024

அண்ணா,

ஒரு மாசமாகப் பதில் இல்லை. போனில் மழையைப் பற்றி மட்டும் பேசுகிறாய். சரி, நான் எழுதுகிறேன், நீ படி.

நேற்று ஹார்க்னஸ் வந்தார். எண்பத்து மூன்று வயது, கைத்தடி, காலில் ரப்பர் செருப்பு. அந்த ரீலைப் போடச் சொன்னார். முடியும்வரை நின்றுகொண்டே பார்த்தார். மற்றவர்கள் வெளியே போனதும், "உனக்கு அந்த மொழி தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "ஏறுவதற்கு முன்னால் அவன் என்ன சொன்னான்?"

சொன்னேன்.

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "கரையேறிவிட்டான் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு படத்தில்கூட ஒருவனையும் என்னால் கரை சேர்க்க முடியவில்லை."

உன் ஏழாம் அத்தியாயத்தை அவர் ஒரே வரியில் எழுதிவிட்டார். அந்த மொழிபெயர்ப்பாளரின் மகள் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பதில் எழுது.

அனு


பாளையங்கோட்டை
5.12.2024

அன்புள்ள அனுவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நான் சுகமில்லை.

போகவில்லை என்று நீ சொன்னது அப்போது நிஜம். உன் அக்டோபர் மாசக் கடிதம் வந்த பிறகுதான் போனேன். அவன் பெயர் மாரிராஜ்தான். மனைவி இருக்கிறாள், இசக்கியம்மாள். அறுபத்து மூன்று வயசு. கழுத்தில் தாலி, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். நான் யார் மகன் என்று சொல்லவில்லை, சினிமாப் புத்தகம் எழுதுகிறவன் என்றேன். உடனே பாய் விரித்து உட்காரவைத்தாள்.

"சினிமாக் கம்பெனிக்காரஹ கூடப் போனாஹ. வாத்தியார் சார்வாள்தான் மறுநாளு வந்து சொன்னாஹ, கூட்டிட்டுப் போயிட்டாஹ, பெரிய ஆளா வருவாஹன்னு. நான் அப்பம் ஆறு மாசம்" என்றாள். மகன் பெயர் பாபநாசம். வல்லநாட்டுப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஓடிப்போனவன் மகன் என்று ஊர் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவன், தகப்பன் பெயரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறானாம்.

பேச்சுவாக்கில், அந்தக் கம்பெனிக்காரர்கள் ஊரில் நீ இருப்பதை உளறிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க தங்கச்சி அங்கன அவுஹளப் பாத்தா, கோவம் ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொல்லுங்க. மவனுக்கு நாப்பது வயசாயிட்டுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் காப்பி இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது படிக்கும்போதே ஆற்றில் வைத்து அப்பாவிடம் கேட்டிருக்கிறேன், யார் அந்த மாரிராஜ் என்று. "என் பேச்சைக் கேட்டவன்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் புத்தகத்தை எழுதியிருக்க மாட்டேன். எனக்கு எழுத வேண்டியிருந்தது.

அனு, உன் காலில் விழுந்து கேட்கிறேன். அந்தத் தாளில் 'தெளிவாக இல்லை' என்று எழுதிவிடு. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. இதைக் கேட்டால் அவர் பிழைக்க மாட்டார்.

அண்ணன்


லாஸ் ஏஞ்சல்ஸ்
22.12.2024

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அழுதேன், மூன்று தடவையும் உன் மேல் கோபம்தான் வந்தது.

அப்பாவின் நெஞ்சு மட்டும்தான் நெஞ்சா? அந்த அம்மாள் தினம் காலையில் குங்குமம் வைக்கிறாளே, அதை நினைத்தாயா? அந்தப் பிள்ளை செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து வளர்ந்திருக்கிறானே!

தெளிவாக இல்லை என்று நான் எழுத மாட்டேன். தெளிவாக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் ஒரு தாளில் ஏறி, யாரோ படித்து, அதற்குப் பிறகு அவளுக்குத் தெரியவரக் கூடாது. முதலில் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். தை அமாவாசை ஜனவரி 29. அதற்குள் நீ அப்பாவிடம் பேசு, இல்லாவிட்டால் நீயே போய் அவளிடம் சொல். இரண்டும் முடியாதென்றால் நான் விமானம் ஏறி வந்து சொல்வேன்.

அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கதி என்ன என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவர் எனக்கும் அப்பாதான்.

அனு


பாளையங்கோட்டை
11.1.2025

அனு,

உன் கடிதத்தைத் தபால்காரர் அப்பா கையில் கொடுத்துவிட்டார். நான் கல்லூரியில் இருந்தேன். வந்து பார்க்கிறேன், உறை கிழிந்து மேஜைமேல் கிடக்கிறது. என் மேஜை டிராயரும் திறந்திருக்கிறது. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, மேலே தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருக்கிறார்.

நாலு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கூடத்துக் குடை போட்டோவைக் கழற்றிவிட்டார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறேன்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அண்ணன்


சிவமயம்

பாளையங்கோட்டை
30.1.2025

அனுராதாவுக்கு அப்பா ஆவுடைநாயகம் எழுதிக்கொள்வது. ஆசீர்வாதம் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன் பயந்ததுபோல எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்தொரு வருஷம் தாங்கிய நெஞ்சுக்கு உன் கடிதம் பெரிய பாரம் இல்லை.

நீ கேட்டது அத்தனையும் சரி. அன்றைக்குக் கடைசி நாள் படப்பிடிப்பு. என்னால் வேலை கெட்டது என்று அந்த வெள்ளைக்காரர் நினைத்துவிடக் கூடாது என்று பார்த்தேன். பத்தொன்பது நாளும் எல்லோர் முன்னிலும் என் தோளில் கை போட்டுப் பேசினார். அந்தக் கைக்காகச் சொன்னேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் அடையாளம் தெரியாத பிணம் ஒதுங்கியது, புதைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே அவன் வீட்டில் அந்தப் பொய்யைச் சொல்லியாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை குமரனைக் கூட்டிக்கொண்டு முறப்பநாடு போனேன். மகனும் வீட்டில் இருந்தான். இசக்கியம்மாள் என்னை அடையாளம் கண்டு, "வாங்க சார்வாள்" என்று எழுந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மகன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் முதலில் அழவில்லை. "அந்தப் படத்தக் காட்டுங்க" என்றாள். குமரன் போனில் காட்டினான். கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அந்த வெள்ளைச் சதுரத்தில் விரலை வைத்து, "இது நான் போட்ட ஒட்டு. வேலியில கிழிச்சுட்டு வந்தாஹ. நீலத்துணி இல்லைன்னு எம் பழைய உள்பாவாடையக் கிழிச்சு வச்சுத் தைச்சேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள். குமரன் போனை அவள் கையிலேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். மறுநாள் அச்சகத்துக்குப் போய்ப் புத்தகத்தை நிறுத்திவிட்டு வந்தான். அந்த ஒட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தானாம்.

பிறகு நான் ஒரு தப்புச் செய்தேன். அவள் மனசு ஆறும் என்று நினைத்து, வருஷம் தவறாமல் ஆற்றில் அவனுக்குத் தண்ணீர் விட்டு வருகிறேன் என்று சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பம் அவுஹ செத்த நாளு ஒமக்குத் தெரியும். நாளு தெரியாமத்தான் நான் உசுரோட இருக்காஹன்னு இருந்தேன். எம் மவன் விட வேண்டிய தண்ணியயும் நீரே விட்டுட்டீரா வே?"

நான் செய்த புண்ணியம் என்று ஒன்றே ஒன்றைத்தான் இத்தனை வருஷம் நினைத்து வைத்திருந்தேன். அதையும் அவள் வாங்கிக்கொண்டாள். அவளுடையதுதான் அது.

நாளைக் கேட்டாள். கார்த்திகை மாதம், தேய்பிறைப் பஞ்சமி, வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். மகன் எழுந்து வந்து, காலண்டர்த் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதிக்கொண்டான். எங்களைப் போகச் சொன்னான்.

உன் தாளில் நடந்ததை நடந்தபடி எழுது. 'மொழிபெயர்ப்பாளர்' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதே. என் பெயரை முழுசாக எழுது. அவன் பெயரை அதற்கு மேலே எழுது. அந்த வெள்ளைக்காரரிடம் நீ யார் மகள் என்று சொல். அவனுடைய மகனுக்கு நாற்பது வயது ஆகிறது என்றும் சொல். அந்தப் பிள்ளை போலீசுக்குப் போகலாம். போனால் நான் மறைக்க மாட்டேன்.

நேற்றுத் தை அமாவாசை. முறப்பநாட்டுக்கே போனேன். அவர்கள் கண்ணில் படாமல் தள்ளி ஒரு படித்துறையில் இறங்கினேன். என் அப்பா, தாத்தா, உன் அம்மா எல்லோருக்கும் விட்டேன். கையில் எள் மிச்சம் இருந்தது. எப்போதும் அந்தப் பெயருக்கென்று வைக்கிற பங்கு. அடுத்த படித்துறையில் பாபநாசம் தலை மழித்துத் தண்ணீரில் நின்றான். ஐயர் "அப்பா பேரு?" என்று கேட்டார். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கரைவரைக்கும் கேட்கிற குரலில் சொன்னான். மேல்படியில் இசக்கியம்மாள் நெற்றியில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் எள்ளைத் துண்டில் முடிந்துகொண்டு கரையேறிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சு. ஆவுடைநாயகம்